பெற்றோருக்குத் தலைமையாசிரியரின் பருவக் கடிதம்

அன்புள்ள பெற்றோர்களுக்கு, வணக்கம்.

முதல் பருவம் இனிதே நிறைவுற்றது. தொகுத்தறித் தேர்வில் மாணவர்கள் நல்ல தேர்ச்சி பெற்றுள்ளனர்; குறுவட்ட விளையாட்டுப் போட்டிகளிலும் பரிசுகள் வென்றுள்ளனர். அனைவருக்கும் பாராட்டுகள்.

மற்றொரு செய்தியைச் சற்று விரிவாகவே எழுத வேண்டியுள்ளது. மூன்றாம் வகுப்பில் ‘உயிருள்ளவை, உயிரற்றவை’ பாடம் நடந்தபோது, வீட்டிலும் தெருவிலும் காண்பவற்றைப் பட்டியலிட்டு வருமாறு ஆசிரியை கேட்டிருந்தார். சில குழந்தைகள் பட்டியலுக்குப் பதிலாக, இறுக மூடிய பாட்டில்களில் தட்டான்களையும் வண்ணத்துப்பூச்சிகளையும் தலைப்பிரட்டைகளையும் கொண்டுவந்தனர். பிள்ளையின் ஆர்வத்தைக் கண்டு மகிழ்ந்தே நீங்கள் பிடித்துக் கொடுத்தீர்கள் என்பதை நன்கு அறிவேன். ஆயினும் மதிய உணவு நேரத்துக்குள் அவற்றுள் பல இறந்துவிட்டன. தலைப்பிரட்டை நீரில் கரைந்துள்ள ஆக்சிஜனைச் செவுள்களால் பெற்றே சுவாசிக்கிறது. பாட்டிலில் உள்ள சிறிதளவு நீர் சூடேறினால் அந்த ஆக்சிஜனும் குறைந்துபோகும். உயிருள்ளவை சுவாசிக்கும், உண்ணும், கழிவை வெளியேற்றும் என்று கரும்பலகையில் எழுதப்பட்டிருந்த வகுப்பிலேயே இது நடந்தது எனக்கு மிகுந்த வருத்தம் தருகிறது.

ஒரு வீட்டிலிருந்து கூண்டோடு பச்சைக்கிளியும் வந்தது. நம் ஊர்ப் பச்சைக்கிளியைப் பிடித்து வளர்ப்பது 1972ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றமாகும். பாடத்தின் பெயரால் எந்த உயிரினத்தையும் இனிப் பள்ளிக்குக் கொடுத்தனுப்பக் கூடாது. இதற்கு விதிவிலக்கு கிடையாது.

பாடத்தை வீட்டிலேயே காட்ட எளிய வழி உண்டு. எலுமிச்சை, கறிவேப்பிலைச் செடிகளில் வண்ணத்துப்பூச்சியின் புழு இருந்தால், மருந்தடிக்காமல் விட்டுவைத்து, நாள்தோறும் பிள்ளையைப் பார்க்கச் சொல்லுங்கள். அது இலையைத் தின்னும், எச்சமிடும், தோலுரித்து வளரும். சீண்டினால் தலைக்குப் பின்னிருந்து கொம்பு போன்ற உறுப்பை நீட்டும். பின்னர் கூட்டுப்புழுவாகி அசைவின்றிக் கிடக்கும்போதுதான் நல்ல கேள்வி பிறக்கும்: பெட்ரோல் குடித்து, புகை விட்டு, ஓடும் மோட்டார் சைக்கிளுக்கு உயிரில்லை, அசையாத இதற்கு எப்படி உயிர் உண்டு? வண்டி செல்களால் ஆனதன்று. அது தானாக வளராது, தன்னைப் போல் இன்னொன்றை ஈனாது. கூட்டுப்புழுவோ சுவாசித்துக்கொண்டே உள்ளுக்குள் உருமாறிக்கொண்டிருக்கிறது. விடையை உடனே சொல்லிவிடாமல் பிள்ளையைச் சற்று யோசிக்க விடுங்கள்.

எஞ்சிய தலைப்பிரட்டைகளை அவை பிடிபட்ட குளத்திலேயே கொண்டுபோய் விட்டுவந்த பெற்றோர்களுக்கும், பருவம் முழுவதும் ஒத்துழைப்பு நல்கிய உங்கள் அனைவருக்கும் மனமார்ந்த நன்றி.

இப்படிக்கு,
தலைமையாசிரியர்