ஊழியத்துக்கு நேர்ந்த பிள்ளை எழுதுவது

ஹாலே, ஜெர்மனி
அட்வெந்து இரண்டாம் ஞாயிறு, இரவு

கர்த்தருக்குள் அன்பான அம்மாவுக்கு,

ஸ்தோத்திரம். உங்கள் கடிதம் வந்து பதினெட்டு நாட்கள் ஆகின்றன. போனில் பேசும்போதெல்லாம் "கடிதம் கிடைத்ததா?" என்று கேட்டீர்கள். கிடைத்தது என்று மட்டும் சொல்லிப் பேச்சை மாற்றிவிட்டேன். உங்கள் பக்கத்தில் ஓட்டேரி சித்தி இருப்பார், தம்பி இருப்பான். இதை எழுதத்தான் முடியும் என்று நினைத்தேன், எழுதவும் தைரியம் வரவில்லை. மன்னித்துக்கொள்ளுங்கள்.

முதலில் நலம். நான் சுகமாக இருக்கிறேன். குளிர் வந்துவிட்டது. காலைப் பணிக்குக் கிளம்பும்போதும் இருட்டு, மாலை நான்கு மணிக்கெல்லாம் மறுபடியும் இருட்டு. புரசைவாக்கத்தில் நீங்கள் வாங்கிக் கொடுத்த ஸ்வெட்டரை உள்ளே போட்டுக்கொண்டு, மேலே இந்த ஊர்க் கோட்டைப் போட்டுக்கொள்கிறேன். இட்லி மாவு இங்கே பொங்குவதே இல்லை. போன குளிர்காலம் முழுவதும் புளிக்காத மாவில் தோசைதான். லைப்சிக்கில் கடை வைத்திருக்கும் இலங்கைத் தமிழ் அக்கா ஒருவர் வழி சொல்லிக்கொடுத்தார். மாவை ரொட்டி சுடும் ஓவன் அடுப்புக்குள் வைத்து, சூடு போடாமல் விளக்கை மட்டும் எரியவிட வேண்டும். முந்தாநாள் அப்படி வைத்தேன். பதினெட்டு மணி நேரம் கழித்துத் திறந்தபோது பாத்திரத்தின் விளிம்பு வரை மாவு எழும்பி, மேலெல்லாம் குமிழ் குமிழாக நின்றது. வாய்விட்டு ஸ்தோத்திரம் சொன்னேன். இந்த ஊர்க்காரர்கள் இரவில் அடுப்பே மூட்டுவதில்லை. ரொட்டி, வெண்ணெய், வெள்ளரி ஊறுகாய், அவ்வளவுதான். எனக்கும் அது பழகிவிட்டது, செலவும் குறைவு.

கீழ்வீட்டுப் பெரியவரைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். இப்போதும் அப்படித்தான். குப்பைத் தொட்டிகளை அவர்தான் காவல் காக்கிறார். காகிதம் போடும் தொட்டியில் நான் பால் பாக்கெட்டைப் போட்டுவிட்டால், அதை எடுத்துக்கொண்டு மூன்று மாடி ஏறி வந்து கதவைத் தட்டிக் கையில் கொடுப்பார். ஒரு வருடம் அவரைக் கண்டாலே பயமாக இருந்தது. அக்டோபரில் அப்படி வந்தபோது, சுவரில் இருந்த அப்பாவின் படத்தைப் பார்த்துவிட்டார். ரயில் பெட்டிக்கு முன்னால் அப்பா நண்பர்களோடு நிற்பாரே, அந்தப் படம். அனுமதி கேட்காமல் அதைக் கழற்றி ஜன்னல் வெளிச்சத்துக்குக் கொண்டுபோனார். அவர் பார்த்தது அப்பாவை அல்ல, பெட்டியை. பிறகுதான் சொன்னார், இந்த ஊரின் ஓரத்தில் அம்மென்டார்ஃப் என்ற இடத்தில் ரயில் பெட்டித் தொழிற்சாலை இருந்ததாம். சோவியத் நாட்டின் நெடுந்தூர ரயில்களுக்கு இங்கிருந்து பெட்டிகள் போயினவாம். அவர் அங்கே வேலை பார்த்தவர். 2005-இல் அதை மூடிவிட்டார்கள். "உன் அப்பாவின் தொழிற்சாலை எப்போது மூடப்பட்டது?" என்று கேட்டார். மூடவில்லை, பெரம்பூர் ஐ.சி.எஃப். தொழிற்சாலையில் இன்றும் ரயில் பெட்டி செய்கிறார்கள் என்றேன். அம்மா, அவர் முகம் மாறியதை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். படத்தைத் திரும்ப மாட்டி, சாய்ந்திருந்ததை விரலால் நேராக்கிவிட்டுப் போனார். அவருக்குக் கடவுள் நம்பிக்கை கிடையாது. இங்கே பெரும்பாலோர் எந்தச் சபையையும் சேர்ந்தவர்கள் அல்லர். ஆனால் அந்தக் குப்பைத் தொட்டிகளை அவர் ஏன் விடாமல் காக்கிறார் என்பது எனக்கு அன்று புரிந்தது. அவருக்காகவும் ஜெபியுங்கள்.

இனி உங்கள் கடிதத்துக்கு வருகிறேன். மூன்றாம் பக்கத்தின் அடியில் மத்தேயு ஆறாம் அதிகாரத்து வசனத்தை எழுதி, கீழே இரண்டு கோடு போட்டிருக்கிறீர்கள்: "தேவனுக்கும் உலகப்பொருளுக்கும் ஊழியஞ்செய்ய உங்களால் கூடாது." அன்னாளைப் போல எட்டு வருடம் அழுது ஜெபித்துப் பெற்ற பிள்ளையை ஊழியத்துக்கென்று நேர்ந்தேன், அவள் யூரோவுக்குப் போய்விட்டாள் என்றும் எழுதியிருக்கிறீர்கள். அந்தப் பக்கத்தை நான் பலமுறை படித்தேன்.

உங்களிடம் இதுவரை சொல்லாத ஒன்றைச் சொல்கிறேன். நான் இங்கே இன்னும் நர்ஸ் ஆகவில்லை. என் படிப்பை இந்த நாடு முழுதாக ஏற்றுக்கொள்ள ஒரு தேர்வு எழுத வேண்டும். அது மார்ச் மாதத்துக்குத் தள்ளிப்போயிருக்கிறது. அதுவரை முதியோர் இல்லத்தில் உதவியாளர்தான். சென்னையில் ஏழு வருடம் ஊசி, டிரிப், மருந்து, கேஸ் ஷீட் என்று இருந்தேன். நோயாளியைத் துடைப்பதும் மலஜலம் எடுப்பதும் ஊட்டுவதும் ஆயாம்மாவின் வேலை. இல்லாவிட்டால் கூட இருக்கும் சொந்தக்காரர்களின் வேலை. இங்கே நர்ஸாக இருந்தாலும் அதைச் செய்துதான் ஆக வேண்டும். முதல் சில மாதங்கள், பட்டம் வாங்கிய கை இதற்கா என்று உள்ளுக்குள் எரிந்தது. அதை மறைத்துத்தான் உங்களிடம் "ஆஸ்பத்திரி வேலை" என்று சொன்னேன்.

பன்னிரண்டாம் அறையில் ஓர் அம்மா இருக்கிறார். பள்ளி ஆசிரியையாக இருந்தவர், பக்கவாதம் வந்து வலப்பக்கம் விழுந்துவிட்டது. இரவில் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை அவரைத் திருப்பிப் படுக்க வைக்க வேண்டும். திருப்பும்போது விரிப்பில் ஒரு சுருக்கம்கூட விழக் கூடாது. அந்த வயதில் தோல் வெங்காயத் தோல் போல ஆகிவிடும். சுருக்கத்தின் மேல் படுத்தால் காலையில் முதுகில் சிவப்புக் கோடு தெரியும். கவனிக்காமல் விட்டால் அது புண்ணாகி, ஆற மாதக்கணக்கில் ஆகும். போன மாதம் ஒரு விடியற்காலை, மூன்றரை மணி இருக்கும். அவரை இடப்பக்கமாகத் திருப்பித் தலையணை முட்டுக்கொடுத்துவிட்டு, உள்ளங்கையை விரிப்பின் மேல் தோளிலிருந்து இடுப்பு வரை மெதுவாகத் தடவிக்கொண்டே போனேன். பாதியில் என் கையைப் பார்த்தேன். அது அப்பாவின் கை.

தரங்கம்பாடிக்குப் போகும்போது சோழன் எக்ஸ்பிரஸில் ஏறி உட்கார்ந்ததும் அப்பா என்ன செய்வார் என்று உங்களுக்கு நினைவிருக்கும். இருக்கையின் அடிவிளிம்பில் விரலை ஓட்டிக்கொண்டே போவார். தகடு எங்காவது துருத்திக்கொண்டிருந்தால் முகம் சுருங்கிவிடும். "யாராவது ஓர் ஏழை அம்மாவின் புடவை கிழிந்தால் வேறு புடவைக்கு அவர் எங்கே போவார்?" என்பார். எல்லோரும் பார்க்கிறார்கள் என்று நீங்கள் அவர் கையை இழுத்துவிடுவீர்கள். முப்பத்துநான்கு வருடம் ஃபர்னிஷிங் பிரிவில் இருந்த மனிதர். கோயிலில் கடைசி பெஞ்சில்தான் உட்காருவார். ஜெபக்கூட்டத்தில் ஒருநாளும் வாய்விட்டு ஜெபித்ததில்லை, சாட்சி சொன்னதில்லை. அவரை நாம் யாரும் ஊழியக்காரர் என்று நினைக்கவில்லை. ஆனால் கூடத்துச் சுவரில் மாட்டியிருக்கும் வாழ்த்துமடலை இன்று போய்ப் பாருங்கள். அவர் ஓய்வு பெற்ற நாளில் சங்கத்தார் கொடுத்தது. "ஐ.சி.எஃப். ஊழியர்" என்றுதான் அதில் அச்சிட்டிருக்கிறது. ஊழியம் என்ற சொல்லை நம் தமிழ் எப்போதோ அப்பாவுக்கும் கொடுத்துவிட்டது. நாம்தான் அதைக் கோயில் வாசலுக்குள் பூட்டி வைத்துக்கொண்டோம்.

இந்த ஊர் மொழியிலும் அப்படித்தான். தொழிலுக்கு இவர்கள் சொல்லும் சொல் 'பெரூஃப்'. அது கூப்பிடுவது என்ற சொல்லிலிருந்து வந்தது என்று மொழி வகுப்பில் சொன்னார்கள். அழைப்பு என்றால் துறவிகளுக்கும் குருமாருக்கும்தான் என்று இருந்த காலத்தில், மாடு கறப்பவளும் செருப்புத் தைப்பவனும் அழைக்கப்பட்டவர்களே என்று லூத்தர் சொன்னார். அந்தச் சொல்லுக்கு இந்தப் பொருள் வந்தது அவரால்தான். நாம் லுத்தரன் குடும்பம், ஞாயிறு தவறாமல் கோயிலுக்குப் போகிறோம். இதை இங்கே வந்துதான் நான் கற்றுக்கொள்ள வேண்டியிருந்தது.

எங்கள் பழைய வார்டு ஆயாம்மாவைப் பற்றியும் சொல்ல வேண்டும். வெந்நீர் கொண்டுவந்ததும் முதலில் தன் முழங்கையின் உட்புறத்தில் ஊற்றிப் பார்ப்பார். பிறகுதான் நோயாளியின் மேல் படவிடுவார். அதை அவருக்கு யார் சொல்லிக்கொடுத்தார்களோ! இப்போது நானும் அப்படித்தான் பார்க்கிறேன். ஏழு வருடத்தில் அவர் பெயரை நான் கேட்கவில்லை. "ஆயா, இங்கே வா" என்றே கூப்பிட்டிருக்கிறேன், என் அம்மா வயது இருக்கும். இதை நினைத்தால் எனக்குத் தூக்கம் வருவதில்லை.

ஒன்று மட்டும் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். இது ஊழியம்தானே என்று சொல்லி நர்ஸுகளுக்குப் பாதிச் சம்பளம் கொடுக்கும் இடங்களை நான் அறிவேன். அது அந்தச் சொல்லுக்குச் செய்யும் அவமரியாதை. சம்பளம் வாங்குவதால் என் வேலை உலகப்பொருளுக்கான வேலை ஆகிவிடாது, அம்மா. பவுலும் கொரிந்துவில் கூடாரம் தைத்துத்தான் சாப்பிட்டார். பன்னிரண்டாம் அறை அம்மாவிடம் நான் இயேசுவைப் பற்றி ஒரு வார்த்தை பேசியதில்லை. ஆத்துமாவைப் பற்றிக் கேட்பீர்கள் என்று தெரியும். அவர் முதுகை ஆண்டவர் என் கையில் ஒப்புவித்திருக்கிறார். அதில் புண் வராமல் இருக்கிறது. இப்போதைக்கு நான் கொடுக்கக்கூடிய கணக்கு இதுதான்.

இந்த ஊரே நமக்குச் சொந்தம் போலத்தான். மிஷனரி சீகன்பால்க் இங்கே படித்தவர். 1706-இல் தரங்கம்பாடியில் இறங்கி, சிறுபிள்ளைகளோடு மணலில் உட்கார்ந்து அ, ஆ எழுதிப் பழகினார். நான் முப்பத்தொரு வயதில் பெஞ்சில் உட்கார்ந்து இவர்கள் மொழியைப் பழகும்போது அவரை நினைத்துக்கொள்வேன். வேப்பேரியில் இருந்துகொண்டு வேதாகமத்தைத் தமிழில் பெயர்த்த பப்ரிசியுஸ் ஐயரும் ஹாலேயில் படித்தவர்தான். அவர் கடைசிக் காலத்தில் கடனுக்காகச் சிறையில் இருந்தார் என்பதை இங்கே வந்துதான் படித்தேன். ஞாயிறு பள்ளியில் அதை யாரும் சொன்னதில்லை. சரி, அது இருக்கட்டும்.

1698-இல் பிராங்கே ஐயர் கட்டத் தொடங்கிய அநாதை இல்லம் டிராம் நிறுத்தத்துக்கு எதிரிலேயே இருக்கிறது. அதன் ஆவணக் காப்பகத்தில் நம் ஊர் ஓலைச்சுவடிகளை இன்றும் வைத்திருக்கிறார்கள். கட்டடத்தின் உச்சியில் சூரியனை நோக்கி இரண்டு கழுகுகள் பறப்பது போல் செதுக்கி, கீழே ஒரு வசனம் பொறித்திருக்கிறார்கள். பல மாதங்கள் அதைக் கடந்து போயும் படிக்கவில்லை. சென்ற வாரம் இரவுப் பணி முடிந்து, பனியில் டிராமுக்கு நின்றபோது எழுத்துக் கூட்டிப் படித்தேன். ஏசாயா நாற்பது. கர்த்தருக்குக் காத்திருக்கிறவர்கள் புதுப்பெலன் அடைவார்கள். நம் அடுப்படிக் காலண்டரில் இருந்த வசனம், அம்மா. எண்ணெய்க் கறை பட்டு 'பெலன்' என்ற சொல் மறைந்திருக்குமே, அது. அங்கேயே நின்று அழுதுவிட்டேன். டிராம் வந்து போய்விட்டது. உங்கள் கையால் ஒரு வாய் ரசம் சோறு சாப்பிட வேண்டும் போல இருந்தது. அயனாவரத்தில் இப்போது கேரல் பவனி தொடங்கியிருக்கும். தெரு முழுவதும் அதிரசப் பாகு வாசனை வரும். மாடி வீட்டு அக்கா குல்குல் உருட்ட உங்களைக் கூப்பிட்டிருப்பார். இங்கேயும் ஜன்னல்தோறும் நட்சத்திர விளக்கு தொங்குகிறது. ஆனால் தெருவில் ஒரு சத்தமும் இல்லை.

தம்பி விஷயம். என் இடத்தில் அவனைக் குருமார் படிக்கும் குருகுலத்துக்கு அனுப்பி நேர்த்தியைத் தீர்க்கலாம் என்று எழுதியிருக்கிறீர்கள். வேண்டாம் அம்மா, கெஞ்சிக் கேட்கிறேன். அவனுக்கே அந்த அழைப்பு இருந்தால் முதல் ஆளாக நான் பணம் கட்டுகிறேன். என் கடனை அடைக்க அவனை அனுப்பாதீர்கள். ஏ.சி. பழுது பார்க்கப் போகும் வீடுகளில், தனியாக இருக்கும் வயதானவர்களுக்கு மோட்டாரையும் குழாயையும் காசு வாங்காமல் சரிசெய்து கொடுக்கிறான் என்று சித்திதான் சொன்னார். அவனிடம் ஒருமுறை உட்கார்ந்து கேளுங்கள், திட்டாமல்.

பணம் இந்த மாதம் இருபதாம் தேதிக்கு மேல்தான் வரும். ஹீட்டர் கணக்கு வருடக் கடைசியில் சேர்த்துக் கேட்டுவிட்டார்கள், வேறொன்றும் இல்லை. இரவுப் பணி கொஞ்சம் கூடுதலாக எடுத்திருக்கிறேன், எனக்கு அது பிடித்துமிருக்கிறது. வளையல் எங்கே என்று பெரியம்மா கேட்டால் லாக்கரில் இருக்கிறது என்று சொல்லுங்கள். நவம்பர் முடிந்துவிட்டது, குடும்ப ஓய்வூதியத்துக்கு வாழ்நாள் சான்றிதழ் கொடுத்தீர்களா? கொடுக்காவிட்டால் நாளைக்கே தம்பியோடு வங்கிக்குப் போங்கள். பாகப் பத்திரத்தில் பெரியப்பா எவ்வளவு அவசரப்படுத்தினாலும் நான் வரும்வரை கையெழுத்துப் போட வேண்டாம். மழையில் பின்சுவர் ஊறியிருப்பதைப் போட்டோ எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். கண் ஆபரேஷனைப் பொங்கலுக்குப் பிறகு தள்ளிப்போடாதீர்கள்.

பழைய வார்டில் இருக்கும் என் தோழியிடம் தம்பியை ஒருமுறை போகச் சொல்லுங்கள். அந்த ஆயாம்மா இன்னும் வேலையில் இருக்கிறாரா என்று விசாரித்து, முதலில் பெயரைக் கேட்டு எனக்கு எழுதட்டும். நீங்கள் கிறிஸ்துமஸுக்குச் செய்யும் பலகாரத்தில் ஒரு டப்பாவும், ஒரு நல்ல பருத்திப் புடவையும் கொடுத்தனுப்புங்கள்.

நட்சத்திரம் கட்ட நீங்கள் ஏணியில் ஏறவே கூடாது, தம்பி கட்டட்டும். அப்பா அடித்த ஆணி ஜன்னலுக்கு மேலே இடதுபக்கம் இருக்கிறது. துருப்பிடித்திருந்தால் அதைப் பிடுங்காமல் பக்கத்திலேயே வேறொன்று அடிக்கச் சொல்லுங்கள்.

உங்கள் அன்பு மகள்