பல் நீண்டால் பிடிமானம் கூடிவிடாது

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு, வணக்கம்.

சென்ற ஞாயிறு இணைப்பில் ஸ்னோமொபைல், அதாவது பனிமேல் ஓடும் வண்டி பற்றி வந்த கட்டுரையை ஆசையாகப் படித்தேன். தமிழில் இதைப் பற்றி எழுத ஆள் கிடைப்பதே அரிது. ஆனால் அதில் ஒரு வரி மனதை உறுத்திக்கொண்டே இருக்கிறது. டிராக்கின், அதாவது வண்டியைத் தள்ளிக்கொண்டு சுழலும் ரப்பர்ப் பட்டையின், பல் எவ்வளவு உயரமோ அவ்வளவு பிடிமானம் என்று எழுதியிருந்தார்கள். முழங்கால் அளவு புதுப்பனி கிடக்கும் மலைச்சரிவுக்கு அது சரி. வண்டிகள் ஓடி ஓடி இறுகி, மேலே கண்ணாடி போல் உறைந்துபோன பாதைக்கு அது தவறு. நானும் அப்படி நம்பித்தான் முதல் வண்டிக்கு 2 அங்குலப் பல் வைத்த டிராக் வாங்கினேன். விற்றவர் எல்லா இடத்துக்கும் ஒத்துவரும் என்றார். ஒரே குளிர்காலத்தில் பற்களின் அடியில் விரிசல் விட்டது, சில துண்டாகவே போய்விட்டன.

நான் லேத் பட்டறையில் 30 வருடம் வேலை பார்த்தவன். கழற்றிப் பார்த்ததும் காரணம் புரிந்தது. உயரமான பல் மண்வெட்டி மாதிரி, இளகிய பனியை அள்ளித் தள்ளுவதற்கு இருக்கிறது. இறுகிய தரையில் அள்ள ஒன்றுமில்லை. அதனால் பல் ஒவ்வொரு சுற்றிலும் மடங்கி நிமிர்ந்து, சூடேறி, வேரில் கிழிகிறது. இந்தப் பாதைக்கு 1 முதல் 1.25 அங்குல உயரமும், கொஞ்சம் கெட்டியான ரப்பரும் போதும். அடிக்கடி இளகிய பனியிலும் போகிறவர்கள் 1.5 வரை போகலாம், அதற்கு மேல் வேண்டாம்.

ஆனால் வெறும் ரப்பர் எவ்வளவு நல்லதாக இருந்தாலும் பனிக்கட்டியில் வழுக்கும். அங்கே கடிப்பது ஸ்டட்தான், அதாவது நுனியில் கார்பைடு என்ற மிகக் கடினமான பொருள் வைத்த ஆணி. அது பல்லின் உச்சிக்கு மேல் கால் அங்குலத்திலிருந்து 3/8 அங்குலம் வரை நீட்டிக்கொண்டிருக்க வேண்டும். குறைந்தால் நுனி பனியைத் தொடுவதற்குள் பல் தாங்கிக்கொள்ளும். கூடினால் ஆணி நெம்புகோலாகிவிடும். பிரேக் அடிக்கும்போது வளையும் அல்லது டிராக்கையே கிழித்துக்கொண்டு வரும். 2 அங்குலப் பல்லில் ஸ்டட் வைப்பது வீண் வேலை என்பதும் இதனால்தான். அவ்வளவு நீள ஆணியை எந்த ரப்பர் பட்டையும் பிடித்து வைக்காது.

எண்ணிக்கையைப் பொறுத்தவரை, சாதாரண எஞ்சினுக்கு 96 போதும் என்பது என் அனுபவம். சக்தி கூடிய வண்டிக்கு 144 வரை வைக்கிறார்கள். எத்தனை வைக்கிறோம் என்பதைவிட எங்கே வைக்கிறோம் என்பதுதான் முக்கியம். ஒன்றன்பின் ஒன்றாக ஒரே கோட்டில் அடித்தால் பின்னால் வரும் ஆணி, முன்னது கீறிய பள்ளத்திலேயே விழும். ஒவ்வொன்றும் புதுப் பனியைக் கீறும்படி தள்ளித் தள்ளி வைக்க வேண்டும். டிராக் ஒற்றை அடுக்காக இருந்தால் நடுப்பட்டையோடு நிறுத்திக்கொள்ளுங்கள், ஓரப்பட்டைகள் அந்த இழுவையைத் தாங்காது. வண்டியின் அடிக்கூட்டில் இடைவெளி போதுமா, குளிரூட்டும் பகுதியில் ஆணி இடிக்குமா என்று பார்த்து, தேவையானால் காப்புப் பட்டை பொருத்திவிட்டுத்தான் துளை போட வேண்டும். முதல் ஓட்டம் முடிந்ததும் எல்லா நட்டுகளையும் மறுபடி முறுக்குங்கள். கையில் துளைக்கருவி எடுத்துப் பழகாதவர்கள் தொழிற்சாலையிலேயே ஸ்டட் பதித்து வரும் டிராக்கை வாங்குவதே நல்லது.

அடுத்து, உங்கள் கட்டுரை தொடாத ஒன்று. என் மூன்றாவது குளிர்காலத்தில் 144 ஸ்டட் வைத்தேன். முன்னால் வண்டியைத் திருப்பும் சறுக்குக்கட்டையான ஸ்கீக்கு அடியில் இருக்கும் கார்பைடு கம்பிகள் தேய்ந்து மழுங்கியிருந்தன. அடுத்த மாதம் மாற்றிக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டேன். ஒரு வலதுபக்க வளைவில் ஹேண்டிலை முழுதாகத் திருப்பியும் வண்டி திரும்பவில்லை. பின்னால் பிடிப்பு கூடிப்போனதால் டிராக் வண்டியை நேராகவே தள்ளியது. பாதை ஓரத்துப் பனிமேட்டில் மோதி நின்றேன். அதைத் தாண்டி நாலடியில் ஒரு பைன் மரம் இருந்தது. அன்றிலிருந்து பின்னால் ஸ்டட்டைக் கூட்டினால் முன்னால் கார்பைடையும் நீளமாகப் போடாமல் வண்டியைக் கிளப்புவதில்லை. என் மருமகனுக்கும் முதலில் இதைத்தான் சொல்லிக்கொடுத்தேன்.

அப்புறம், இறுகிய பாதையில் பனித்தூள் மேலே எழும்பாது. அந்தத் தூள்தான் டிராக் ஓடும் பிளாஸ்டிக் சறுக்குப் பட்டைக்கு வழுக்கெண்ணெய், எஞ்சின் நீரைக் குளிர வைப்பதும் அதுவே. ஐஸ் ஸ்கிராச்சர் என்ற வளைகம்பியைத் தொங்கவிட்டால் தரையைச் சுரண்டித் தூள் எழுப்பும். வெப்பமானியைப் பார்க்காமல் ஓட்டிப் பட்டையை உருக்கியவர்கள் எத்தனையோ பேர்.

கடைசியாக, பின்னால் தொங்கும் ரப்பர் மறைப்பைக் கழற்றிவிடாதீர்கள். வண்டியின் பின்பக்கத்தைத் தூக்கி நிறுத்தி டிராக்கைச் சுழலவிடும்போது ஆணி கழன்று பறக்கலாம், பின்னால் யாரும் நிற்கக் கூடாது. எங்கள் வண்டிக் கொட்டகையில் இப்படிப் பறந்த ஓர் ஆணி தகரக் கதவைத் துளைத்துக்கொண்டு போனது. அந்த ஓட்டையை நான் இன்னும் அடைக்கவில்லை, வருகிறவர்களுக்குக் காட்டுகிறேன். ஸ்டட் போடுமுன் ஊர்ச் சட்டத்தையும் பாருங்கள். உதாரணமாக, அமெரிக்காவின் மினசோட்டா மாநிலத்தில் தார் போட்ட பொதுப் பாதைகளில் உலோக ஸ்டட் வைத்த வண்டியை ஓட்டத் தடை இருக்கிறது.

அடுத்த இணைப்பில் அந்த ஒரு வரிக்கு ஒரு திருத்தம் போட்டால் போதும். இந்தக் குளிர்காலத்துக்கு டிராக் வாங்கப் போகிறவர்கள் கடைக்குப் போகுமுன் அது அவர்கள் கண்ணில் பட வேண்டும்.

இப்படிக்கு,
நெடுநாள் வாசகன்