திரைப்பட வட்டம்: செயலாளரின் ஆண்டறிக்கை

மதிப்புக்குரிய தலைவர் அவர்களே, நிர்வாக சபையினரே, அங்கத்தவர்களே, பிள்ளைகளே,

எல்லோருக்கும் வணக்கம். பலெர்மோவில் எங்கள் திரைப்பட வட்டம் கடந்த ஒரு வருடத்தில் செய்த வேலைகளை இந்தப் பொதுக்கூட்டத்தின் முன் வைக்கிறேன். வருடத் தொடக்கத்தில் 34 பேர் இருந்தோம். இரண்டு குடும்பங்கள் வேலைக்காக வடக்கே போய்விட்டன, புதிதாக ஐந்து பேர் சேர்ந்தார்கள். நிர்வாக சபை ஆறு தடவை கூடியது. ஏழு படங்கள் காட்டினோம். செப்டெம்பர் 4 இந்த ஊரின் காவல் புனிதை சாந்தா ரொசாலியாவின் நாள். எங்கள் ஆக்களில் பாதிப்பேர் மொந்தே பெல்லெகிரீனோ மலைக்கு நடந்து போவதால், அந்த மாதப் படத்தை ஒரு கிழமை தள்ளி வைத்தோம். வரவு செலவைப் பொருளாளர் வாசிப்பார். ஆறு படங்களின் விபரம் குறிப்பேட்டில் இருக்கிறது, பார்த்துக்கொள்ளலாம். ஏழாவது படத்தைப் பற்றி மட்டும் கொஞ்சம் விரிவாகச் சொல்ல அனுமதி தாருங்கள். இந்த வருடம் எங்கள் உழைப்பில் பெரும்பங்கு அதற்குத்தான் போனது.

படத்தின் பெயர் ‘கபீரியா’. இயக்கியவர் ஜொவான்னி பாஸ்த்ரோனே, எடுத்தது தொரினோ நகரத்து இத்தாலா கம்பனி. 1914 ஏப்ரல் 18 அன்று தொரினோவில் முதலில் காட்டினார்கள். பேசாத படம். ரோமாபுரிக்கும் வட ஆபிரிக்கக் கரையில் இருந்த கார்த்தேஜ் நகரத்துக்கும் நடந்த இரண்டாவது போர்க்காலத்துக் கதை. தொடங்குவது எங்கள் சிசிலித் தீவில். எட்னா மலை வெடிக்கிறது, கத்தானியாவில் ஒரு பெரிய வீடு இடிகிறது, அந்த வீட்டுச் சின்ன மகள் கபீரியாவும் அவளை வளர்க்கும் குரோயெசாவும் தப்பி ஓடிக் கடற்கொள்ளையர் கையில் அகப்படுகிறார்கள். கார்த்தேஜில் பிள்ளையை மொலோக் என்ற தெய்வத்துக்கு நெருப்பில் பலி கொடுக்க விலைக்கு வாங்குகிறார்கள். ரோமன் ஃபுல்வியுஸும் அவனுடைய அடிமை மசீஸ்தேயும் அவளை மீட்கிறார்கள். ஆனால் பிள்ளை ஊர் திரும்பப் பத்து வருடத்துக்கு மேல் ஆகிறது. இடையில் அல்ப்ஸ் மலையில் கார்த்தேஜின் தளபதி ஹனிபலின் யானைகள், சிரகூசாவில் கண்ணாடியால் கப்பலை எரிக்கும் ஆர்க்கிமிடிஸ், நஞ்சு குடித்துச் சாகும் இளவரசி சொஃபோனிஸ்பா என்று கதை பரந்து போகிறது.

முதலில் ஒரு தவறை ஒப்புக்கொள்ள வேண்டும். நான் எடுத்து வந்த பிரதி வெட்டிக் குறைத்த பிரதி, ஓடும் வேகமும் பிழை. பரீட்சித்துப் பார்த்தபோது படைவீரர் எல்லோரும் எறும்பு மாதிரி ஓடினார்கள். அப்படியே காட்டலாம் என்று சிலர் சொன்னார்கள், நான் சம்மதிக்கவில்லை. தொரினோ தேசிய சினிமா அருங்காட்சியகம் 2006இல் சீரமைத்த முழுப் படம் ஏறத்தாழ மூன்று மணி நேரம். அதைப் பெறும் வரை இரண்டு மாதம் காத்திருந்தோம். காத்திருந்தது நல்லதாகப் போயிற்று.

ஏனென்றால் அந்த இரண்டு மாதத்தில்தான், காட்சிகளுக்கு இடையில் வாசகம் காட்டும் எழுத்து அட்டைகளைத் தமிழாக்கினோம். படத்தின் வாசகங்கள் கவிஞர் கப்ரியேலே தன்னுன்சியோ எழுதியவை. கதையைக் கட்டியவர் பாஸ்த்ரோனே, பெயர் வாங்கியவர் கவிஞர். கபீரியா, மசீஸ்தே என்ற பெயர்களும் அவர் வைத்தவைதான். அவருடைய இத்தாலியன் இன்றைய இத்தாலியருக்கே லேசில் விளங்காது. இங்கே பிறந்து வளர்ந்த எங்கள் மூன்று பிள்ளைகளுக்கு இத்தாலியன் ஓடும், தமிழ் தடக்கும். பெரியவர்களுக்கு அப்படியே மறுபக்கம். இரண்டு தரப்பும் ஞாயிற்றுக்கிழமைகளில் ஒரே மேசையில் இருந்தார்கள். மொலோக்கை அழைக்கும் துதிக்கு மட்டும் இரண்டு ஞாயிறு போனது. பரணிப் பாட்டில் பேய்கள் காளியைப் பாடும் ஓசையை மனதில் வைத்து எழுதச் சொல்லி எங்கள் மூத்த ஐயா ஒருவர் வழி காட்டினார். பிள்ளைகளுக்குப் பரணி என்றால் என்னவென்று தெரியாது. ஐயா மனப்பாடமாகச் சொல்லச் சொல்ல, மேசையில் தாளம் தட்டிப் பிடித்துக்கொண்டார்கள். படம் ஓடும்போது அந்த மூவரும் ஒலிவாங்கியில் வாசித்தார்கள். மொலோக் சிலையின் நெஞ்சுக் கதவு திறந்து நெருப்பு தெரியும்போது வாசிப்பை நிறுத்தினார்கள். மண்டபத்தில் ஒரு கதிரை கூட அசையவில்லை.

அப்புறம் கமராவைப் பற்றி. அந்தக் காலத்தில் கமராவை ஓரிடத்தில் நட்டு வைத்து, நாடகம் பார்ப்பவர் கண்ணாகத்தான் படம் பிடிப்பார்கள். பாஸ்த்ரோனே அதைச் சில்லு வைத்த வண்டியில் ஏற்றி மெதுவாகச் சாய்வாக நகர்த்தினார். அந்த வண்டிக்கு 1912இல் காப்புரிமையும் எடுத்திருந்தார். கமரா நகரும்போது முன்னால் நிற்கும் தூண் ஒரு வேகத்தில் விலகும், பின்னால் உள்ள சுவர் இன்னொரு வேகத்தில் விலகும். அப்போதுதான் அது சீலையில் வரைந்த மாளிகை அல்ல, கட்டி எழுப்பிய மாளிகை என்று கண்ணுக்குத் தெரியும். இத்தாலியனில் அந்த வண்டிக்குப் பெயர் கரெல்லோ. நாங்கள் சாமான் வாங்கும்போது தள்ளும் வண்டிக்கும் அதே பெயர்தான். இதைக் கேட்டதும் பெடியள் பக்கத்துக் கடைக்காரரிடம் சொல்லி ஒரு கரெல்லோ எடுத்து வந்தார்கள். மண்டப முற்றத்தில் ஒருவன் கைபேசியோடு அதற்குள் குந்தியிருக்க, மற்றவன் தள்ளினான். தூண்கள் விலகுவதைத் திரும்பத் திரும்பப் போட்டுப் பார்த்தார்கள். எந்த வகுப்பும் இவ்வளவு தெளிவாகச் சொல்லிக் கொடுத்திராது என்பது என் எண்ணம். செலவு ஒன்றுமில்லை, வண்டியைக் கழுவித் திருப்பிக் கொடுத்தோம்.

படம் முடிந்து நடந்த கதையாடல் இரவு பதினொன்றரை வரை போனது. ஒரு மணி நேரமாவது பேச்சு குரோயெசாவைச் சுற்றியே இருந்தது. இத்தாலியப் புத்தகங்களில் அவளுக்கு ஒரு வரிக்கு மேல் இல்லை. ஆனால் எங்கள் பெண்களில் பலர் இந்த ஊரில் அடுத்தவர் பிள்ளைகளையும் வயதானவர்களையும் பார்க்கிற வேலை செய்கிறார்கள். பிள்ளையைப் பூசாரியிடம் கொடுக்காமல் இருக்க, அதற்கு வருத்தம் என்று பொய் சொல்லி அவள் சாட்டையடி வாங்குகிறாள். அதைச் சொல்லி ஒரு அக்கா, “அவள் பெத்த பிள்ளையில்லை, ஆனாலும் விடேல்லைப் பாருங்கோ” என்றார். அதற்குப் பிறகு கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை.

இளையவர்கள் மசீஸ்தேயைப் பற்றிக் கேட்டார்கள். அந்த வேடத்தில் நடித்த பார்த்தொலொமேயோ பகானோ ஜெனோவாத் துறைமுகத்தில் மூட்டை தூக்கியவர். உடம்பெங்கும் கருமை பூசிக் கறுப்பு அடிமையாக நடித்தார். சனங்கள் அவரைக் கொண்டாடினார்கள், 1915இல் மசீஸ்தேயையே நாயகனாக்கிப் படம் எடுத்தார்கள். அதில் அந்தக் கருமை இல்லை. நாயகன் ஆனதும் ஏன் வெள்ளை ஆனான் என்று பதினைந்து வயதுப் பிள்ளை கேட்டபோது, பழைய காலம் அப்படி என்று சொல்லிக் கடந்துபோக நான் விரும்பவில்லை. அது பிழைதான். படம் பெரியது, அதிலுள்ள பிழையும் பெரியது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். 1911, 12இல் இத்தாலி துருக்கியோடு போரிட்டு லிபியாவைப் பிடித்தது. ஆபிரிக்கக் கரையை ரோமர் வெல்லும் கதை அதற்குப் பின் தொரினோவில் எடுக்கப்பட்டதில் ஆச்சரியமில்லை. படத்தில் கார்த்தேஜ்காரர் பிள்ளை எரிப்பவர்கள், ரோமர் காப்பவர்கள். ஆனால் நாங்கள் இருக்கும் பலெர்மோ, கார்த்தேஜைக் கட்டிய அதே பினீசியர் கட்டிய ஊர். கி.மு. 254இல் ரோமர் பிடிக்கும் வரை கார்த்தேஜின் பக்கம் நின்ற ஊர். ஹனிபலின் தகப்பன் ஹமில்கார் ரோமருக்கு எதிராக முகாமிட்டிருந்த மலை, நாங்கள் செப்டெம்பரில் ஏறுகிற அதே பெல்லெகிரீனோ என்று சொல்பவர்கள் உண்டு. அப்படியென்றால் கார்த்தேஜ்காரர் தங்களைப் பற்றி எழுதியது எங்கே என்று மூத்த ஐயா கேட்டார். கி.மு. 146இல் நகரம் அழிந்தபோது அவர்களுடைய நூல்கள் சிதறிப்போயின. மாகோ என்பவரின் வேளாண்மை நூலைத்தான் ரோமர் பயனுள்ளது என்று மொழிபெயர்த்து வைத்துக்கொண்டார்கள், அதிலும் இன்று கிடைப்பது துண்டுகள். ஐயா 1981இல் யாழ்ப்பாணத்தில் இருந்தவர். நூலகம் எரிந்த மறுநாள் காலையில் தெருவில் பறந்த தாள் சாம்பலைப் பற்றிச் சொன்னார். பிள்ளைகளில் சிலர் அதை முதல் தடவையாக அன்றுதான் கேட்டார்கள்.

இதன் தொடர்ச்சியாக ஒரு பயணம் ஒழுங்கு செய்தோம். 27 பேர் பஸ்ஸில் மர்சாலாவுக்குப் போய், உப்பளக் கரையிலிருந்து வள்ளத்தில் மோட்சியாத் தீவுக்குக் கடந்தோம். பினீசியரின் தோபெத் என்ற புதைநிலம் அங்கே இருக்கிறது. எரிந்த சிசுக்களின் எலும்பும் ஆட்டுக்குட்டி எலும்பும் வைத்த சின்னச் சின்ன மண்சட்டிகள். பலியா, இறந்து பிறந்த பிள்ளைகளின் அடக்கமா என்று அறிஞர்கள் இன்னும் வாதாடுகிறார்கள். சட்டிகள் எங்கள் வீட்டுத் தயிர்ச்சட்டி அளவுதான். படத்தில் பார்த்த மொலோக்கை விட அந்தச் சட்டிகளின் முன்னால்தான் தாய்மார் கூட நேரம் நின்றார்கள்.

வரும் வருடத்துக்கு இரண்டு பிரேரணைகள். ஒன்று, தொரினோ அருங்காட்சியகத்தில் நிற்கும் மொலோக் சிலையைப் பார்க்க ஒரு பயணம். தூரமும் செலவும் அதிகம் என்பதால் இப்போதே மாதம் மாதம் சேர்க்க வேண்டும். மற்றது, தமிழாக்கக் கொப்பியைத் தட்டச்சு செய்து, கேட்கும் சங்கங்களுக்குக் கொடுப்பது. துதிப்பகுதியில் இரண்டு இடத்தில் ஐயாவுக்கு இன்னும் திருப்தியில்லை. திருத்த விரும்புவோர் ஞாயிறு பின்னேரம் நான்கு மணிக்கு மண்டபத்துக்கு வரலாம். தேத்தண்ணீர் உண்டு.

நன்றி.
செயலாளர், பலெர்மோ