ரெண்டு பேராகத்தான் வருவோம்

உட்ரெக்ட், நெதர்லாந்து
நவம்பர் 2025

அன்புள்ள அக்காவுக்கு,

நானும் அவனும் நலம். நீ, அத்தான், அம்மா, பிள்ளைகள் எல்லோரும் நலமா? அம்மாவின் முழங்கால் வலி எப்படி இருக்கிறது என்று மறக்காமல் எழுது.

போன வாரம் போனில் நீ ரெண்டு கேள்வி கேட்டாய். "ஆம்பிளைங்க ரெண்டு பேரும் சேர்ந்து என்னதான்டா குடித்தனம் பண்றீங்க?" என்பது முதல் கேள்வி. பிறகு கொஞ்சம் தயங்கி, மூத்தவள் கல்யாணத்துக்கு அவனையும் அழைத்துவந்தால் "கூட வேலை பார்க்கிறவர்" என்று சொல்லிக்கொள்ளலாமா என்று கேட்டாய். உன் பின்னால் ஆட்கள் பேசும் சத்தம் கேட்டது. அவசரத்தில் பதில் சொல்ல எனக்கு மனமில்லை. எழுதினால் நிதானமாகப் படிப்பாய், அம்மாவுக்கும் வாசித்துக் காட்டுவாய் என்றுதான் உட்கார்ந்திருக்கிறேன்.

முதலில் குடித்தனம். நான் ஆஸ்பத்திரியில் நர்ஸ், அவன் ரயில் ஓட்டுகிறவன். ரெண்டு பேருக்கும் ஷிப்ட். காலையில் முதல் வண்டி அவனுடையது என்றால் விடிவதற்கு வெகு நேரம் முன்பே எழுந்து, லைட் போடாமல் உடுத்திக்கொண்டு, கதவைச் சத்தமில்லாமல் சாத்திவிட்டுப் போவான். எனக்கு நைட் டியூட்டி என்றால் நான் வீடு வந்து சேரும்போது அவன் எங்கோ ஒரு வண்டியில் இருப்பான். சில வாரங்களில் எங்கள் போனில் இருக்கும் பொதுக் காலண்டர்தான் எங்களுக்குள் பேசிக்கொள்ளும் இடம். அவன் டியூட்டி நீலம், என் டியூட்டி பச்சை. ரெண்டு பேருக்கும் வெள்ளையாக ஒரு நாள் கிடைத்துவிட்டால் அதை யாருக்கும் விட்டுக்கொடுப்பதில்லை. இங்கே நண்பர் வீட்டுக்குப் போவதற்குக்கூட வாரக்கணக்கில் முன்னதாகத் தேதி குறிக்க வேண்டும். வந்த புதிதில் அது எனக்கு மனுஷத்தனமே இல்லாததாகத் தெரிந்தது. இப்போது அந்தத் தேதிகள் இல்லாவிட்டால் நாங்கள் யாரையுமே பார்க்க மாட்டோம் என்று தெரிகிறது.

"வீட்டில் யார் பொம்பளை வேலை செய்வது?" என்று அத்தான் ஒருமுறை கேட்டாரே, அதற்கும் சொல்லிவிடுகிறேன். எவன் வீட்டில் இருக்கிறானோ அவன் செய்வான். துணி துவைப்பது, காகிதம், கண்ணாடி, பிளாஸ்டிக் என்று குப்பையைத் தனித்தனியாகப் பிரித்துக் கொண்டுபோய்ப் போடுவது, தரை துடைப்பது எல்லாம் அப்படித்தான். வரிக் கணக்கு மட்டும் அவன் பொறுப்பு. இன்சூரன்ஸ், டாக்டர் சம்பந்தப்பட்டதெல்லாம் என் பொறுப்பு. சண்டை வருவது பனிக்காலத்தில் ஜன்னலைத் திறந்துவைப்பதா சாத்துவதா என்பதில்தான். டிசம்பரில் நாலரை மணிக்கே சூரியன் போய்விடும், அக்கா. அந்த நேரத்தில் குளிர்காற்றை உள்ளே விட்டுக்கொண்டு "நல்ல காற்று" என்கிறவனோடு வாழ்வது ஒரு பயிற்சி. ஜூன் மாதம் வந்தால் ராத்திரி பத்து மணிக்கும் வெளிச்சம் இருக்கும். அப்போது ரெண்டு பேரும் சைக்கிளை எடுத்துக்கொண்டு கால்வாய் ஓரமாகப் போய்விடுவோம். இங்கே ஸ்டேஷனுக்கு அடியில் 12,500 சைக்கிள் நிறுத்தும் நிலையம் இருக்கிறது, உலகத்திலேயே பெரியது. சின்னவன் கேட்டால் சொல்.

அவன் யார் வீட்டுப் பிள்ளை என்று அம்மா கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். அதைக் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன். தென்னமெரிக்காவில் சுரினாம் என்று ஒரு நாடு, டச்சுக்காரர்களின் கரும்புத் தோட்ட நாடு. அங்கே அடிமை முறை முடிந்ததும் ஆள் வேண்டும் என்று கல்கத்தாவிலிருந்து ஒப்பந்தக் கூலிகளைக் கப்பலில் ஏற்றினார்கள். லல்லா ரூக் என்ற முதல் கப்பல் 1873 ஜூன் 5 அன்று அங்கே போய்ச் சேர்ந்தது. 1916 வரை முப்பத்துநாலாயிரம் பேருக்கு மேல் போயிருக்கிறார்கள். அவனுடைய முன்னோர்கள் பின்னால் வந்த கப்பல் ஒன்றில் போனவர்கள். 1975இல் சுரினாம் சுதந்திரம் பெற்ற சமயத்தில் அவன் அப்பா அம்மா இங்கே ஹேக் நகரத்துக்குக் குடிவந்தார்கள். போஜ்புரி கலந்த சர்னாமி என்ற மொழிதான் அவர்கள் வீட்டில். ஆக, ரெண்டு கடல் தாண்டி வந்த குடும்பம் அது. அவன் அம்மாவைப் பார்த்தால் நம் அத்தை ஞாபகம் வரும்.

அந்த அம்மாவும் ரொம்ப காலம் என்னை "மகனோடு தங்கியிருக்கிற பையன்" என்றுதான் அக்கம்பக்கத்தில் சொல்லிக்கொண்டிருந்தார். முகம் கொடுத்துப் பேச மாட்டார், ஆனால் மரியாதைக் குறைவாகவும் நடக்க மாட்டார். அப்படியே போய்க்கொண்டிருந்தபோதுதான் அவனுக்குக் குடல்வால் வெடித்துவிட்டது. ஆம்புலன்ஸில் நான்தான் கூடப் போனேன். வரவேற்பில் இருந்த பெண் "நீங்கள் இவருக்கு யார்?" என்று கேட்டார். "கணவன்" என்றேன். அதை டைப் செய்துவிட்டு, அவனுக்கு என்னென்ன மருந்து ஒத்துக்கொள்ளாது என்று அடுத்த கேள்விக்குப் போய்விட்டார். அவ்வளவுதான், அக்கா. சர்ஜன் என்னிடம்தான் பேசினார். ராத்திரி படுக்கைக்குப் பக்கத்தில் எனக்கு நாற்காலி கொடுத்தார்கள். வீட்டில் ஒருவருக்கு முடியவில்லை என்றால் பார்த்துக்கொள்வதற்குச் சம்பளத்தில் 70 சதவீதத்தோடு லீவு கொடுக்க வேண்டும் என்று இங்கே சட்டம் இருக்கிறது. அதை எடுத்தேன். காலையில் அவன் அம்மா வந்தார், நான் அந்த நாற்காலியில் இருப்பதைப் பார்த்தார். ஒன்றும் பேசவில்லை. அடுத்து அவர்கள் குடும்பத்தில் எல்லோரும் கூடிய இடத்தில் தன் அண்ணனைக் கூப்பிட்டு, "இவரைத்தான் என் மகன் கட்டியிருக்கிறான்" என்று சொன்னார். நான் வாதாடி அந்த அம்மாவை மாற்றவில்லை. அவர் பார்த்தார், அதுதான் நடந்தது.

அன்றைக்கு அந்தப் பெண் டைப் செய்த ஒரே ஒரு வார்த்தைக்காகத்தான் நீ தாலுகா ஆபீசுக்கு நடையாய் நடந்தாய். என் பிறப்புச் சான்றிதழ், கல்யாணம் ஆகாதவன் என்ற சான்று, முத்திரை, கையெழுத்து என்று நீ அலைந்து அனுப்பிய காகிதங்கள் இல்லாமல் இங்கே நகராட்சியில் எங்கள் கல்யாணம் பதிவாகியிருக்காது. எதற்கு என்று தெரிந்தேதான் அலைந்தாய். முன்பு ஒருமுறை அம்மா என்னை டாக்டரிடம் கூட்டிப்போய் "சரிபண்ண" வேண்டும் என்றபோது வாசலில் நின்று தடுத்தவளும் நீதான். இதையெல்லாம் நான் உன்னிடம் நேரில் சொன்னதே இல்லை.

இந்த நாடும் பிறந்த அன்றே இப்படி இருக்கவில்லை. 1911இல் எங்களைப் போன்றவர்களுக்கு எதிராகத் தனிச் சட்டப்பிரிவு கொண்டுவந்தார்கள், அதை எடுக்க 1971 ஆயிற்று. 2001 ஏப்ரல் 1 அன்று, நள்ளிரவு தாண்டியதும், ஆம்ஸ்டர்டாம் நகராட்சி மண்டபத்தில் மேயரே எங்களைப் போன்ற நாலு ஜோடிகளுக்குக் கல்யாணம் செய்துவைத்தார். உலகத்திலேயே அதுதான் முதல். ஆம்ஸ்டர்டாமில் வெஸ்டர்கெர்க் தேவாலயத்துக்குப் பக்கத்தில், ஹிட்லர் காலத்தில் கொல்லப்பட்ட எங்களைப் போன்றவர்களுக்கும் இன்றுவரை எங்கேயும் துன்புறுத்தப்படுகிறவர்களுக்குமாக ஒரு நினைவுச்சின்னம் இருக்கிறது. இளஞ்சிவப்புக் கருங்கல்லில் மூன்று முக்கோணங்கள், 1987இல் திறந்தது. ஒன்று கால்வாய்த் தண்ணீருக்குள் படியாக இறங்கும். ஆகஸ்டில் எங்களைப் போன்றவர்கள் அந்த ஊர்க் கால்வாய்களில் நடத்தும் படகு ஊர்வலம் என்றால் அவனுக்கு உயிர். எனக்கு அந்தச் சத்தத்தில் ஈடுபாடு இல்லை, கம்பெனிகளின் விளம்பரப் படகுகள் அதில் பிடிக்கவே பிடிக்காது. மே 4 அன்று, நாடே போரில் இறந்தவர்களை நினைக்கும் நாளில், அந்தக் கல்லில் பூ வைத்துவிட்டுப் பேசாமல் உட்கார்ந்திருப்பதுதான் எனக்கு.

இங்கே பயமே இல்லை என்று சொன்னால் அது பொய். ராத்திரி நேரத்தில் சில தெருக்களில் கையைக் கோத்துக்கொண்டு நடக்க மாட்டோம். எதிரே நாலைந்து பையன்கள் கூட்டமாக வந்தால் ரெண்டு கையும் தானாக விலகிவிடும். சட்டம் மாறினாலும் தெரு மாறுவதற்கு நேரம் பிடிக்கிறது.

ஊர் சுற்றுவது ரெண்டு பேருக்கும் பிடிக்கும். ஆனால் எங்களைப் போல ஒரு ஜோடி டிக்கெட் எடுப்பதற்கு முன்னால் விசாவோடு தண்டனைச் சட்டத்தையும் பார்க்க வேண்டியிருக்கிறது. மலேசியாவில் நம் ஆட்கள் எத்தனை பேர், எனக்கு அங்கே போக எவ்வளவு ஆசை என்று உனக்குத் தெரியும். அங்கே எங்களைப் போன்றவர்களுக்கு இருபது வருஷம் வரை சிறை என்ற சட்டம் இன்னும் இருக்கிறது. இலங்கையிலும் வெள்ளைக்காரன் எழுதிய பிரிவு அப்படியே கிடக்கிறது. "யாரும் கைது பண்ண மாட்டாங்க, ரெண்டு கட்டில் ரூம் எடுத்துக்கலாம்" என்பான் அவன். கல்யாணம் ஆன நான் எதற்கு ரெண்டு கட்டில் ரூம் எடுக்க வேண்டும்? இதில் எங்களுக்குள் இன்னும் ஒத்துவரவில்லை. சிங்கப்பூரில் 2023 ஜனவரியில் அந்தச் சட்டத்தை எடுத்துவிட்டார்கள், அதனால் அங்கே போய்வந்தோம். தாய்லாந்தில் இந்த வருஷம் ஜனவரி 23 முதல் எங்களைப் போன்றவர்கள் கல்யாணமே செய்துகொள்ளலாம், அடுத்த பெரிய லீவு அங்கேதான். அவன் முன்னோர்களின் சுரினாமுக்கும் போனோம். அங்கே நாங்கள் இருப்பது குற்றமில்லை, ஆனால் எங்கள் கல்யாணத்தைக் கல்யாணமாக ஏற்க மாட்டார்கள். பரமாரிபோவில் யூதக் கோயிலும் மசூதியும் பக்கத்துப் பக்கத்தில் நிற்கின்றன. அதை எனக்குக் காட்டும்போது அவனுக்கு அவ்வளவு பெருமை.

போலீஸ், கேஸ் என்று ஏதாவது வருமா என்ற பயம் அம்மாவுக்கு இன்னும் இருக்கிறது. இந்த இடத்தை மெதுவாக வாசித்துக் காட்டு. எங்களைப் போன்றவர்களைக் குற்றவாளியாக்கிய 377ஆம் பிரிவு 1860இல் இங்கிலாந்துக்காரர்கள் எழுதியது, நம் முன்னோர் எழுதியது இல்லை. 2018 செப்டம்பர் 6 அன்று சுப்ரீம் கோர்ட் அதை எங்கள் மேலிருந்து எடுத்துவிட்டது. 2021இல் நம் சென்னை ஐகோர்ட்டில் நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ், இந்த விஷயம் தனக்குச் சரியாகப் புரியவில்லை என்று வெளிப்படையாகச் சொல்லி, உளவியல் நிபுணரிடம் உட்கார்ந்து கேட்டுத் தெரிந்துகொண்ட பிறகு தீர்ப்பு எழுதினார். "சரிபண்ணுகிறேன்" என்று யாரும் சிகிச்சை செய்யக் கூடாது என்றும் சொன்னார். ஒரு நீதிபதி கேட்டுத் தெரிந்துகொண்டதை நம் வீட்டில் யாரும் தெரிந்துகொள்ளலாம். 2023 அக்டோபரில் கல்யாண உரிமையை மட்டும் சுப்ரீம் கோர்ட் தர மறுத்துவிட்டது. அன்று ராத்திரி டியூட்டியில் எனக்கு வேலையே ஓடவில்லை. அதற்கப்புறம் 2024இல் ரேஷன் கார்டில் ஒரே குடும்பமாகச் சேரலாம், பேங்கில் ஜாயின்ட் அக்கவுன்ட் வைக்கலாம் என்று மத்திய அரசு தெளிவுபடுத்தியிருக்கிறது. இந்த வருஷம் மே மாதம் சென்னை ஐகோர்ட், கல்யாணம் ஒன்றுதான் குடும்பத்துக்கு வழி என்றில்லை என்று சொன்னது. நாட்டில் இவ்வளவு நகர்ந்திருக்கிறது என்பது நம் தெருவில் யாருக்கும் தெரிந்திருக்காது.

இனி ரெண்டாவது கேள்வி. வேண்டாம், அக்கா. "கூட வேலை பார்க்கிறவர்" என்று சொல்லாதே. அவன் ரயில் ஓட்டுகிறான், நான் ஊசி போடுகிறேன், அந்தப் பொய் ஒரு மணி நேரம்கூட நிற்காது. அது மட்டும் காரணமில்லை. நான் அவனுக்கு யார் என்று இங்கே ஆஸ்பத்திரியில் முன்பின் தெரியாத பெண்ணிடம் ஒரே வார்த்தையில் சொல்ல முடிந்தது. நான் பிறந்த வீட்டு வாசலில் நின்று அதை மறைக்க என்னால் முடியாது. மைக் வைத்து அறிவிக்கச் சொல்லவில்லை. பத்திரிகையில் அவன் பெயரைப் போடச் சொல்லவில்லை. யாராவது கேட்டால் மட்டும், "என் தம்பி, அவன் கட்டிக்கிட்டவர்" என்று சொல். கேட்காதவர்களுக்கு நீ ஒன்றும் சொல்ல வேண்டாம். தங்குவதற்கு மாடி ரூம் போதும், எங்கள் ரெண்டு பேருக்கும் சேர்த்து.

மாப்பிள்ளை வீட்டாரை நினைத்து இப்போது முடியாது என்று நீயும் அத்தானும் நினைத்தால் அதையும் ஒளிக்காமல் எழுது. கல்யாணம் முடிந்து ரெண்டு வாரம் கழித்து வருகிறோம், பிள்ளையையும் மாப்பிள்ளையையும் பார்த்து வாழ்த்திவிட்டுப் போகிறோம். எனக்கு வருத்தமாகத்தான் இருக்கும், உன்மேல் கோபம் வராது. எப்படியானாலும் வருவது ரெண்டு பேர்.

அத்தானிடம் இந்தக் கடிதத்தைக் காட்டலாம். மூத்தவளிடமும் கேள், அவள் கல்யாணம்தானே. அவளுக்கு இந்த விஷயம் தெரியும், அவனோடு தனியாகப் போனில் பேசுகிறாள் என்பது உனக்குத் தெரியுமா தெரியாது.

இங்கே லீவு எழுதிக்கொடுக்க வேண்டிய கடைசி நாள் இந்த மாத முடிவு. அவனும் தன் ஷிப்ட்டை மாற்ற ஆள் பிடிக்க வேண்டும். டெல்லி வழியாகத்தான் டிக்கெட் போடுகிறோம், அங்கேயும் அதே சட்டப் பயம் என்பதால் துபாய் வழி வேண்டாம் என்பதில் மட்டும் அவன் எனக்கு விட்டுக்கொடுத்துவிட்டான். அதனால் மாதக் கடைசிக்குள் பதில் சொல். போனில் சொல்வதானால் ஞாயிற்றுக்கிழமை உங்கள் நேரம் சாயந்தரம் ஐந்து மணிக்கு மேல் கூப்பிடு, அன்றைக்கு ரெண்டு பேரும் வீட்டில் இருப்போம். அம்மா பேச விரும்பினால் அவனிடம் கொடுக்கிறேன். "சாப்பிட்டீங்களாம்மா", "கால் வலி எப்படி இருக்கு" வரைக்கும் தமிழ் கற்றுவைத்திருக்கிறான்.

அன்புடன்,
உன் தம்பி