உப்பளத்துக்கு வருவதற்கு முன்னால்

உப்பூர்,
சித்திரை 22

அன்புள்ள பாப்பாவுக்கு,

அம்மா எழுதுவது. இங்கே எல்லோரும் சுகம். அப்பாவுக்கு முழங்கால் வலி மட்டும் அப்படியே இருக்கிறது. தைலத்தைத் தேய்த்துக்கொண்டு தேங்காய் விலையைத் திட்டிக்கொண்டிருக்கிறார்.

உன் ஆராய்ச்சிக்காக நீ அனுப்பிய கேள்வித்தாளை இரண்டு தடவை படித்தேன். உப்பளத்துப் பெண்களிடம் முன்கூட்டியே பேசி வைக்கச் சொன்னாயே, முந்தாநாள் போய்ப் பேசிவிட்டேன். போனில் சொல்ல ஆரம்பித்தால் "சரிம்மா, சரிம்மா" என்று பாதியிலேயே முடித்துவிடுவாய். அதனால்தான் கடிதம்.

நான் போனபோது பதினொரு மணி இருக்கும். விடியும் முன்னே பாத்தியில் இறங்கியவர்கள், உப்பு வாருகிற வாருபலகையைச் சாய்த்துவிட்டு உப்பு அம்பாரத்து ஓரமாக உட்கார்ந்து தூக்குச்சட்டியைத் திறந்துகொண்டிருந்தார்கள். அந்த நேரத்தில் அம்பாரத்துக்கு ஒரு முழம் நிழல்கூட இல்லை. காலை நீட்டினால் பாதம் வெயிலில் கிடக்கும். நம் ஊர்ப் பிள்ளையாருக்கு வெயிலுகந்தவர் என்று பேர். வெயில் வேண்டும் என்று அவராக உட்கார்ந்திருக்கிறார். இவர்களிடம் அப்படி யாரும் கேட்டுவைக்கவில்லை.

என் மகள் சென்னையில் படிக்கிறாள், வெயிலில் வேலை செய்கிறவர்களுக்குச் சிறுநீரகம் எப்படி இருக்கிறது என்று ஆராய்ச்சி செய்கிறாள், கொஞ்சம் ரத்தம் எடுப்பாள், சிறுநீர் கேட்பாள் என்றேன். ஒருத்தியும் வாய் திறக்கவில்லை. அப்புறம் ராக்காயிதான் கேட்டாள்: "முன்னாடியும் நீங்கதானே நர்ஸம்மா கூட்டியாந்தீக? ஊசியக் குத்தி ரத்தம் எடுத்துட்டுப் போனாகளே, அதுல என்னத்தக் கண்டாகளாம்?"

என்னிடம் பதில் இல்லை. பத்துப் பன்னிரண்டு வருடம் இருக்கும், ஒரு குழு வந்தது. எந்த ஊர், எந்த நிறுவனம் என்பதெல்லாம் இப்போது எதற்கு? நான் அப்போது வேலையில் இருந்தேன். நர்ஸம்மா சொன்னால் வருவார்கள் என்று என்னைப் பிடித்தார்கள். வீடு வீடாகப் போய்க் கையைப் பிடித்துக் கூட்டிவந்தது நான்தான். ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு வரிசையில் நின்று ரத்தம் கொடுத்தார்கள். ஆளுக்கு ஒரு பிஸ்கட் பாக்கெட், நம்பர் எழுதிய ஒரு சீட்டு. ரிசல்ட் வரும் என்றார்கள். இரண்டு முறை நான் போன் போட்டேன். கணக்குப் பார்த்துக்கொண்டிருக்கிறோம் என்றார்கள். மூன்றாவது முறை எடுக்கவே இல்லை. எங்கோ ஒரு பத்திரிகையில் கட்டுரையாக வந்திருக்கும், யாருக்கோ பட்டம் கிடைத்திருக்கும். நான் ரிட்டயர் ஆகும் வரைக்கும் அந்தத் தெருவில் தலையைக் குனிந்துகொண்டுதான் நடந்தேன்.

ஆராய்ச்சியே வேண்டாம் என்று சொல்ல வரவில்லை. முப்பத்திரண்டு வருடம் நான் தூக்கிக்கொண்டு அலைந்த பையில் இருந்ததெல்லாம் யாரோ எங்கோ ஆராய்ந்து கண்டதுதான். உன் தாத்தாவுக்குக் காசம் வந்தபோது எனக்கு எட்டு வயது. அதற்கு முந்தின காலம் என்றால் சானடோரியம் என்கிற காசநோய் ஆஸ்பத்திரிக்கு அனுப்பிவிடுவார்கள். மாதக்கணக்கில் படுக்கை, பால், முட்டை, நல்ல காற்று. படுக்கை கிடைக்காத ஏழையின் கதை அதோடு முடிந்தது. 1956-ல் சென்னை சேத்துப்பட்டில் வாலஸ் ஃபாக்ஸ் என்ற பிரிட்டிஷ் டாக்டர் தலைமையில் ஒரு சோதனை தொடங்கினார்கள். நோயாளிகள் இருநூறு பேருக்குச் சற்றுக் குறைவு. பாதிப் பேருக்கு சானடோரியத்தில் மருந்து, மீதிப் பேருக்கு அவரவர் நெருக்கடியான வீட்டிலேயே அதே மருந்து. வீட்டில் இருந்தவர்களுக்குச் சாப்பாடும் குறைவு, ஓய்வும் குறைவு. ஒரு வருடம் கழித்துப் பார்த்தால் குணமானதில் பெரிய வித்தியாசம் இல்லை. கூட இருந்த பிள்ளைகுட்டிகளுக்கு அதனால் அதிகமாகத் தொற்றவும் இல்லை. 1959-ல் வெளியான அந்த முடிவு உலகம் முழுக்கக் காசநோய் வைத்தியத்தை மாற்றியது. என் அப்பாவுக்கு சேத்துப்பட்டும் தெரியாது, ஃபாக்ஸும் தெரியாது. திண்ணையில் படுத்தபடியே மாத்திரை தின்று எழுந்தார், என் பள்ளிக்கூடம் நிற்கவில்லை.

உப்பையே எடுத்துக்கொள். அதே 1956-ல் இமாச்சலத்துக் காங்ரா பள்ளத்தாக்கில் டாக்டர் ராமலிங்கஸ்வாமியும் கூட இருந்தவர்களும் ஊர்களை மூன்று பகுதியாகப் பிரித்து, இரண்டு பகுதிக்கு அயோடின் கலந்த உப்பும் ஒன்றுக்கு வெறும் உப்பும் கொடுத்தார்கள். (அந்த மூன்றாம் பகுதிப் பிள்ளைகளை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் உறுத்தும். பின்னால் அவர்களுக்கும் கொடுத்தார்கள் என்பது வேறு.) ஐந்தாறு வருடத்தில் அயோடின் உப்பு தின்ற பிள்ளைகளிடம் கழுத்துக்கழலை பாதியாகவும் அதற்குக் கீழும் இறங்கியது. வெறும் உப்புப் பகுதியில் அப்படியே நின்றது. 1962-ல் தேசியத் திட்டம் வந்தது. ஆனால் அயோடின் இல்லாத உப்பைச் சாப்பாட்டுக்கு விற்கக் கூடாது என்று நாடு முழுக்கத் தடை வந்தது 1998-ல்தான். 2000-ல் அதை எடுத்தார்கள், 2006-ல் திரும்பக் கொண்டுவந்தார்கள். ஐம்பது வருட இழுபறி.

தடை வந்து என்ன? இது உப்பு விளைகிற ஊர். வீட்டுக்கு வீடு சாக்கில் கல்லுப்பு. "கடலோரத்துலயே கெடக்குறோம், நமக்கெதுக்கு அயோடினு?" என்பார்கள். கடல்நீர் காய்ந்து உப்பாகும்போது அயோடின் அதில் அநேகமாகத் தங்குவதில்லை என்று சொன்னால் யார் நம்புவார்கள்? பேசிப் பார்த்துவிட்டு, இரண்டு தட்டு கேட்பேன். ஒன்றில் அவர்கள் வீட்டுக் கல்லுப்பு, இன்னொன்றில் நான் கொண்டுபோன பாக்கெட் உப்பு. சோதனைக் குப்பியிலிருந்து இரண்டிலும் ஒவ்வொரு சொட்டு. பாக்கெட் உப்பு கத்தரிப்பூ நிறத்துக்கு மாறும், கல்லுப்பு வெள்ளையாகவே முழிக்கும். பிள்ளைகள் இன்னொரு தடவை என்று கூச்சல் போடும். நோட்டீஸ் ஒட்டி நடக்காதது அந்தச் சொட்டில் நடந்தது.

வயிற்றுப்போக்குக்குக் கொடுக்கிற ஓ.ஆர்.எஸ். கரைசலின் கதை உனக்குத் தெரியும். 1971-ல் மேற்கு வங்கத்து அகதி முகாமில் காலரா. டிரிப் பாட்டில் தீர்ந்துபோனதும் டாக்டர் திலீப் மகலனாபிஸ் உப்பும் குளுக்கோஸும் சோடா உப்பும் கரைத்து, சொந்தக்காரர்களையே வாயில் ஊட்டச் சொன்னார். சாவு நூற்றுக்கு முப்பதிலிருந்து நாலுக்கும் கீழே வந்தது. எனக்கு அதைவிடப் பிடித்தது, பிறகு பங்களாதேஷில் பிராக் என்ற தொண்டு அமைப்பு செய்தது. 1980 முதல் வீடு வீடாகப் பெண்களை அனுப்பி, ஒரு சிட்டிகை உப்பு, ஒரு கைப்பிடி வெல்லம், அரை சேர் தண்ணீர் என்று தாய்மார்களுக்குக் கற்றுக்கொடுத்தார்கள். ஒரு மாதம் கழித்து வேறொருவர் போய், அந்தத் தாய்க்கு எவ்வளவு ஞாபகம் இருக்கிறது என்று கேட்பார். அதைப் பொறுத்துத்தான் சொல்லிக்கொடுத்தவளுக்குச் சம்பளம். என்ன மூளை பார்!

எனக்கு இங்கே முட்டின இடம், ஓ.ஆர்.எஸ். பாக்கெட்டைக் கரைக்கச் சொல்கிற அந்த "ஒரு லிட்டர்". யார் வீட்டில் லிட்டர் பாத்திரம் இருந்தது? ஊற்றில் சிரட்டையால் மொண்டு ஒரு குடம் சேர்க்க அரை மணி நேரம் ஆகிற இடத்தில், தண்ணீரைக் குறைத்துக் கெட்டியாகக் கரைத்துவிடுவார்கள். அது பிள்ளைக்கு ஆபத்து. ஒரு லிட்டர் பாட்டிலோடு போய், அந்தந்த வீட்டுச் செம்பில் ஊற்றி, தண்ணீர் நின்ற இடத்தில் உள்பக்கம் ஆணியால் கீறிவிட்டு வருவேன். இன்னும் சில வீட்டில் அந்தக் கீறல் இருக்கிறது.

சரி, உன் கேள்வித்தாளுக்கு வருகிறேன். பதினேழாவது கேள்வி: ஒரு நாளில் எத்தனை லிட்டர் தண்ணீர் குடிக்கிறீர்கள்? பார், மறுபடியும் லிட்டர். எத்தனை பாட்டில் என்று கேள். அதைவிடப் பெரிய குறை, ஏன் குடிப்பதில்லை என்று நீ எங்கேயுமே கேட்கவில்லை. அளத்தில் கண்ணுக்கெட்டின வரைக்கும் வெட்டவெளி. ஒதுங்க ஒரு கருவேலஞ்செடி கிடையாது, கழிப்பறை கிடையாது. விடிகாலையில் வீட்டில் போய்விட்டு வந்தால், திரும்பி வீடு போகும் வரைக்கும் அடக்கிக்கொள்கிறார்கள். அடக்க வேண்டுமே என்று தண்ணீரைக் குறைக்கிறார்கள். மாதவிலக்கு நாளில் இன்னும் மோசம். "தண்ணி நிறையக் குடிங்க" என்று நானும் வருடக்கணக்காகச் சொல்லியிருக்கிறேன். எங்கே போவீர்கள் என்று கேட்டதில்லை. வெயிலைக் கருவி வைத்து அளக்கப்போகிறாய் அல்லவா, பாத்தியிலிருந்து ஒரு மறைவிடத்துக்கு எவ்வளவு தூரம் என்பதையும் அளந்து எழுது. வெயில் மட்டும்தான் காரணம் என்று எழுதினால் கண்டிராக்டர் வானத்தைக் கைகாட்டிவிட்டுப் போவார்.

மத்திய அமெரிக்காவில் நிகரகுவா நாட்டுக் கரும்புக் காட்டைப் பற்றிச் சொன்னாயே. வெட்டுகிறவர்களுக்குச் சிறுநீரகம் கெடுகிறது என்று கண்டதோடு விடாமல், ஆலைக்காரர்களோடு சேர்ந்து தண்ணீர், கட்டாய ஓய்வு, ஆட்களோடு கூடவே நகர்த்திக்கொண்டு போகிற நிழல் பந்தல் என்று ஏற்பாடு செய்து, அதனால் பாதிப்பு குறைகிறதா என்று அதையும் அளந்தார்கள் என்று. அந்தப் பந்தல் என் மனதை விட்டுப் போகவில்லை. நாலு மூங்கில், ஒரு தார்ப்பாய், இங்கேயும் அவ்வளவுதான் செலவு. ஆனால் உட்கார்ந்தால் கூலி குறையும் என்றால் ஒருத்தியும் உட்கார மாட்டாள். சுமந்த கணக்குக்குத்தான் காசு. அதையும் யோசித்துக்கொண்டு வா.

ராக்காயி கடைசியில் சம்மதித்துவிட்டாள். அவள் வந்தால் மற்றவர்களும் வருவார்கள். உன்னைக் கேட்காமலே நான் அவளுக்கு இரண்டு வாக்குக் கொடுத்திருக்கிறேன். ஒவ்வொருத்தியின் ரிசல்ட்டும் தமிழில் எழுதி அவள் கையிலேயே வரும்; சிறுநீரகம் கெட்டால் ரத்தத்தில் ஏறுகிற கிரியேட்டினின் கூடியிருந்தால் அந்த வாரமே சொல்லி, எந்த ஆஸ்பத்திரிக்குப் போவது என்பதையும் சொல்வாய். அப்புறம், மொத்தத்தில் என்ன கண்டாய் என்பதை இதே அம்பாரத்து ஓரத்தில் உட்கார்ந்து நீயே சொல்வாய். ஒன்றுமே தெரியவில்லை என்றாலும் வந்து சொல்ல வேண்டும். அதற்குப் பணம் ஒதுக்கவில்லை என்று உங்கள் கைடு சொன்னால் பஸ் காசு நான் தருகிறேன்.

ஆனியில் வா. உப்பு நன்றாக விளைகிற நேரம், எல்லோரும் வேலையில் இருப்பார்கள்.

நான் கிளம்பும்போது ராக்காயி சுருக்குப்பையிலிருந்து பிளாஸ்டிக் உறை சுற்றிய ஒரு சீட்டை எடுத்தாள். அன்றைக்குக் கொடுத்த அதே சீட்டு. "ஒங்க மகளாவது இந்த நம்பருக்கு என்ன வந்துச்சுன்னு பாத்துச் சொல்லுமா?" என்றாள். போட்டோ எடுத்து உன் வாட்ஸ்அப்புக்கு அனுப்பியிருக்கிறேன். நம்பர் 47. வியர்வை பட்டு ஏழு பாதி அழிந்து ஒன்று மாதிரித் தெரியும். ஏழுதான். நான் எழுதியது.

அன்புடன்
அம்மா