கட்டாக்காவின் மஞ்சள் வெளிச்சம்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற ஞாயிறு இணைப்பிதழில் வந்த மரபணுத் திருத்தம் பற்றிய கட்டுரையை வரி விடாமல் படித்தேன். 2018 நவம்பரில் சீன விஞ்ஞானி ஹே ஜியான்குய், மரபணு திருத்தப்பட்ட கருக்களிலிருந்து இரட்டைப் பெண் குழந்தைகள் பிறந்திருப்பதாக அறிவித்ததையும், அடுத்த ஆண்டுக் கடைசியில் அவருக்கு 3 ஆண்டு சிறைத்தண்டனை கிடைத்ததையும் எளிமையாகச் சொல்லியிருந்தார்கள். பிறக்கும் முன்பே மரபணுவைத் தேர்ந்தெடுத்து, அதை வைத்தே ஒருவருக்கு என்ன வேலை என்று முடிவுசெய்யும் எதிர்கால உலகைக் காட்டும் ஆங்கிலப் படம், 1997-இல் வெளிவந்த 'கட்டாக்கா'. அதற்குத் தனியாக இடம் ஒதுக்கியதற்கும் நன்றி. இயக்குநர் ஆண்ட்ரூ நிக்கோல், நடிகர்கள் ஈத்தன் ஹாக், உமா தர்மன், ஜூட் லா என்று எல்லார் பெயரும் இருந்தது. ஒளிப்பதிவாளர் பெயரை மட்டும் காணவில்லை. கட்டுரைக்கு மேலே நீங்கள் போட்டிருந்த படமோ இருட்டான ஆய்வகம், பச்சை வெளிச்சம், கண்ணாடிக் குடுவைக்குள் சுருண்டு கிடக்கும் சிசு. இந்த இரண்டும் சேர்ந்து என்னை எழுத வைத்தன.

நான் காரைக்குடியில் போட்டோ ஸ்டுடியோ நடத்துகிறேன். ஃபிலிம் ரோல் காலத்திலிருந்தே இதுதான் தொழில். எந்தப் படம் பார்த்தாலும் வெளிச்சம் எங்கிருந்து விழுகிறது என்றுதான் முதலில் கண் தேடும். 'கட்டாக்கா'வை அப்படிப் பார்த்தவன் என்ற முறையில் சொல்கிறேன். அந்தப் படத்தின் எச்சரிக்கையில் பாதிக்கு மேல் வசனத்தில் கிடையாது, வெளிச்சத்தில்தான் இருக்கிறது.

எதிர்காலம் கெட்டுப்போய்விட்டது என்று காட்ட சினிமாவில் ஒரு வழக்கம் உண்டு. ஓயாத மழை, புகை, நியான் விளக்கு, குப்பை நிறைந்த சந்து. 1982-இல் வந்த 'பிளேட் ரன்னர்' அதை அழகாகவே செய்தது. பிறகு வந்த பலரும் அந்த இருட்டையே கடன் வாங்கினார்கள். 'கட்டாக்கா'வில் வெயில் அடிக்கிறது. கதாநாயகன் வின்சென்ட்டின் சிறுவயதுக் கடற்கரையும் அவன் வேலைக்குப் போகும் விண்வெளி நிறுவனமும் சாயங்கால வெயிலில் தோய்த்து எடுத்தது போல மஞ்சளாக இருக்கின்றன. அந்த நிறுவனமாகக் காட்டப்படுவது கலிபோர்னியாவின் சான் ரஃபேல் நகரில் உள்ள மாரின் கவுண்டி நிர்வாகக் கட்டடம். ஃபிராங்க் லாயிட் ரைட் வடிவமைத்து, அவர் 1959-இல் இறந்த பிறகு கட்டி முடிக்கப்பட்டது. நீண்ட கூடங்கள், வளைவு வளைவான முகப்பு, மேலிருந்து இறங்கும் பகல் வெளிச்சம். பார்க்கிறவர்களுக்கு அங்கே வேலை கிடைத்தால் நன்றாயிருக்கும் என்றுதான் தோன்றும். அந்த ஆசையை நமக்குள் மூட்டிவிட்டு, ரத்தத்தில் குறை உள்ளவனுக்கு அங்கே துடைப்பம் மட்டும்தான் என்று படம் சொல்கிறது.

இந்த ஒளிப்பதிவைச் செய்தவர் போலந்துக்காரரான ஸ்வாவோமிர் இட்ஜியாக். போலந்து இயக்குநர் கீஸ்லோவ்ஸ்கியின் 'த்ரீ கலர்ஸ்: ப்ளூ'வுக்கு ஒளிப்பதிவு செய்தவரும் இவரே. லென்ஸுக்கு முன்னால் வண்ண ஃபில்டர் போட்டு எடுப்பது இவருடைய பாணி. தானே தயாரித்த ஃபில்டர்களால் ஃபிரேமின் ஒரு பகுதியை மட்டும் இருட்டடித்தும் விடுவார். இன்றைய இளைஞர்களுக்கு இதன் துணிச்சல் உடனே புரியாது. இப்போது எடுத்து முடித்தபின் டி.ஐ. என்கிற கம்ப்யூட்டர் வேலையில் உட்கார்ந்து நிறத்தை இஷ்டத்துக்கு மாற்றலாம். அன்று ஃபில்டர் போட்டு எடுத்தால் அந்த நிறம் நெகட்டிவிலேயே ஏறிவிடும். லேபில் கொஞ்சம் கூட்டலாம், குறைக்கலாம், அவ்வளவுதான். இந்த உலகம் மஞ்சள்தான் என்று படப்பிடிப்புத் தளத்திலேயே முடிவெடுத்திருக்கிறார்.

தொடக்கக் காட்சியைக் கொஞ்சம் நினைத்துப் பாருங்கள். திரை முழுக்க நீலம். பிறை வடிவில் பெரிய பாளங்கள் மேலிருந்து விழுகின்றன, விழும்போது தரை அதிரும் சத்தம். அடுத்து வடக்கயிறு போன்ற ஏதோ விழுகிறது. பிறகுதான் தெரிகிறது, முதலில் விழுந்தவை வெட்டிய நகத்துண்டுகள், அடுத்து விழுந்தவை முடி. வின்சென்ட் தன் உடம்பைத் தேய்த்துத் தேய்த்து, உதிரும் ஒவ்வொரு அணுவையும் எரித்துவிட்டு, நல்ல மரபணு உள்ள வேறொருவனின் பெயரில் வேலைக்குக் கிளம்புகிறான். ஒரு கண்ணிமை முடி கீழே விழுந்தாலும் அவன் யார் என்று தெரிந்துவிடும். நகத்துண்டு ஒரு மனிதனை விடப் பெரிதாகிவிட்ட உலகம் இது. இதைச் சொல்ல அங்கே ஒரு வார்த்தையும் தேவைப்படவில்லை, லென்ஸே சொல்லிவிட்டது. லென்ஸ் என்றதும் இன்னொரு காட்சியும் நினைவுக்கு வருகிறது. போலீஸ் சோதனைக்குப் பயந்து கான்டாக்ட் லென்ஸைத் தூக்கியெறிந்துவிட்டு வின்சென்ட் சாலையைக் கடப்பான். அவன் கண்ணில் தெரிவது போலவே நமக்கும் காட்டுவார்கள், வாகன விளக்குகள் கலங்கி ஓடும் வெறும் கோடுகளாக. கிட்டப்பார்வை உள்ள என் போன்றவர்களுக்கு அந்த இடத்தில் மூச்சு நின்றுவிடும்.

ஆனால் ஆசிரியர் அவர்களே, படத்தின் உண்மையான பயங்கரம் நல்ல வெளிச்சத்தில் நடக்கிறது. வின்சென்ட் இயற்கையாகப் பிறந்தவன். பிறந்த சில நொடிகளில் ஒரு சொட்டு ரத்தத்தைச் சோதித்து, இதய நோய் வர 99 சதவீத வாய்ப்பு, ஆயுள் 30.2 ஆண்டு என்று நர்ஸ் வாசிக்கிறார். அடுத்த பிள்ளைக்கு பெற்றோர் மருத்துவரிடம் போகிறார்கள். அவர் முகத்தில் கொடுமை துளியும் இல்லை. பாசமாகப் பேசுகிறார். நான்கு கருக்களைத் திரையில் காட்டுகிறார், இரண்டு ஆண், இரண்டு பெண். மூத்தவனோடு விளையாட ஒரு தம்பி வேண்டும் என்கிறார்கள். வழுக்கை, கிட்டப்பார்வை, குடிப்பழக்கம் என்று நீக்கியவற்றை மருத்துவர் அடுக்கும்போது, கொஞ்சமாவது தற்செயலுக்கு விட்டுவைக்கலாமே என்று பெற்றோர் தயங்குகிறார்கள். இதுவும் உங்கள் பிள்ளைதான், உங்களிடம் உள்ளதில் சிறந்தது மட்டும் சேர்ந்த பிள்ளை என்ற பொருள்பட அவர் பதில் சொல்கிறார். அவ்வளவுதான், தயக்கம் தீர்ந்துவிடுகிறது.

நம்மூர் ஸ்கேன் சென்டர் ஒவ்வொன்றிலும் கருவின் பாலினத்தைச் சொல்லமாட்டோம் என்று போர்டு தொங்குகிறதே, அது 1994-ஆம் ஆண்டுச் சட்டத்தால் வந்தது. அந்தச் சட்டத்துக்குத் தேவை ஏற்பட்டதும் இப்படி அன்பான பெற்றோர்களால்தான். என் கடையிலேயே தினமும் பார்க்கிறேன். வரன் பார்க்கப் போட்டோ எடுக்க மகளைக் கூட்டிவரும் அம்மாக்கள், "தம்பி, கலரைக் கொஞ்சம் ஏத்திப் போடுங்க" என்பார்கள். மகள் மேல் உயிரையே வைத்திருப்பவர்கள். ஊரார் அவளைக் குறை சொல்லிவிடக் கூடாது என்ற கவலையில் கேட்கிறார்கள். கம்ப்யூட்டரில் மாற்றச் சொல்வதைக் கருவிலேயே மாற்றித் தருகிறோம் என்று ஒருவர் கடை திறந்தால், வரிசையில் நிற்கப்போவது இவர்கள்தான். நிறம், உயரம், அறிவு எல்லாம் ஒற்றை மரபணுவில் அடங்குவதில்லை. பல மரபணுக்களும் வளர்ப்பும் சேர்ந்துதான் அவற்றைத் தீர்மானிக்கின்றன. ஆனால் விற்பவர் அதைச் சொல்லிவிட்டா விற்பார்?

மரபணு மருத்துவத்தையே நான் எதிர்ப்பதாக நினைத்துவிட வேண்டாம். ரத்த அணுக்கள் அரிவாள் போல வளைந்துவிடும் பரம்பரை நோயான அரிவாள் செல் ரத்தசோகைக்கு, மரபணுவை வெட்டித் திருத்தும் கிரிஸ்பர் முறையிலான சிகிச்சையை பிரிட்டனும் அமெரிக்காவும் 2023 கடைசியில் அனுமதித்தன. அது நோயாளியின் சொந்த ரத்தத்தை உருவாக்கும் செல்களில் மட்டும் செய்யப்படும் மாற்றம், அவர் பிள்ளைகளுக்குப் போவதில்லை. சிறுவயது முதல் வலியால் துடிக்கும் ஒருவருக்கு அது விடுதலை. குடுவைச் சிசுவின் படம் இந்த நல்லதையும் சேர்த்துப் பயமுறுத்திவிடுகிறது. அதே நேரம், ஆபத்து வந்தால் இருட்டில், விகாரமாகத்தான் வரும் என்றும் வாசகரை நம்பவைக்கிறது. இட்ஜியாக் எந்த நம்பிக்கையை உடைக்க அத்தனை ஃபில்டர்களைக் கையில் எடுத்தாரோ, அதையே உங்கள் இதழின் பக்கம் திரும்பக் கட்டிவைத்திருக்கிறது.

எனவே இரண்டு வேண்டுகோள்கள். அடுத்த இதழில் ஒரு வரியாவது போட்டு அவர் பெயரைச் சேர்த்துவிடுங்கள். இந்த வரிசையில் இன்னும் கட்டுரைகள் வரும் என்று அறிவித்திருக்கிறீர்கள். அவற்றுக்குப் படம் தேர்ந்தெடுக்கும்போது, ஜன்னல் வழியே வெயில் விழும் சுத்தமான ஒரு மருத்துவமனை அறை, சிரித்த முகத்தோடு ஒரு டாக்டர், எதிரே ஒரு கணவன் மனைவி என்று போடுங்கள். வெளியே வாங்க வேண்டியிருந்தால் சொல்லுங்கள், காசு வாங்காமல் நானே எடுத்து அனுப்புகிறேன்.

இப்படிக்கு,
போட்டோ ஸ்டுடியோ உரிமையாளர்,
காரைக்குடி.