விளம்பரம் யாருக்கு?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

சிறுவர்கள் புகைப்பதைக் குறைக்க, அதற்கான சட்டங்களை விளக்கி அரசு விளம்பர இயக்கம் நடத்தப்போவதாகத் தங்கள் இதழில் படித்தேன். ‘மாணவர்களிடம் விழிப்புணர்வு போதவில்லை’ என்று அதில் இருந்த ஒரு வரி இரண்டு நாளாக என்னை உறுத்துகிறது.

முப்பத்தோரு ஆண்டுகள் வடசென்னைப் பள்ளிகளில் தமிழ் கற்பித்தவள் நான். புகையிலை ஒழிப்புக் கட்டுரைக்குப் பரிசு வாங்கிய ஒன்பதாம் வகுப்புப் பையனை, மறுவாரமே பள்ளிக்கு எதிர்ச் சந்தில் பெட்டிக்கடை வாசலில் ஒற்றைச் சிகரெட்டோடு பார்த்தேன். எந்த நோய் எதனால் வரும் என்று ஒன்று விடாமல் எழுதியவன் அவன். அவனுக்கா விழிப்புணர்வு இல்லை?

கடைக்காரரிடம் கேட்டேன். “அவன் அப்பாவுக்கு வாங்குகிறான் டீச்சர்” என்றார்.

என் தம்பியும் அப்பாவுக்குப் பீடி வாங்கப் போய்த்தான் பழகினான். அப்போது அவனுக்கு வயது பதினான்கு. காசிமேட்டில் படகுக்குப் போய்க்கொண்டிருந்தவன், கடைசி இரண்டு ஆண்டுகள் மாடிப்படி ஏற முடியாமல் திண்ணையிலேயே படுத்தான். ஐம்பதைத் தொடாமலே போய்விட்டான்.

18 வயது நிரம்பாதவருக்குப் புகையிலைப் பொருள் விற்கக் கூடாது என்கிறது 2003-ஆம் ஆண்டுப் புகையிலைக் கட்டுப்பாட்டுச் சட்டத்தின் 6-ஆவது பிரிவு. யாருக்காக வாங்குகிறான் என்ற பேச்சே அதில் இல்லை. கல்வி நிலையத்திலிருந்து 100 கஜத்துக்குள் விற்கவும் தடை. நான் சொன்ன கடை பள்ளி வாசலிலிருந்து நாற்பது எட்டுகூட இராது. புகார் எழுதிக் கொடுத்தேன். வந்தார்கள், 200 ரூபாய் அபராதம் போட்டார்கள். மறுநாள் எங்கள் பிரார்த்தனை மணிக்கு முன்பே கடை திறந்திருந்தது. ஒருவர் பிழைப்பைக் கெடுத்தேன் என்று என்னைத்தான் தெருவில் பேசினார்கள்.

தாங்கள் அறியாததல்ல. 2015-ஆம் ஆண்டு இளைஞர் நீதிச் சட்டத்தின் 77-ஆவது பிரிவுப்படி, சிறுவனுக்குப் புகையிலைப் பொருள் கொடுப்பவருக்கு ஏழு ஆண்டுகள் வரை கடுங்காவல் தண்டனையும் ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதமும் உண்டு. எங்கள் தெருவில் இதைக் கேள்விப்பட்டவர் ஒருவரை நான் இன்னும் சந்திக்கவில்லை. சிகரெட் பெட்டியில் 85 சதவீத இடத்தை எச்சரிக்கைக்கு ஒதுக்கியிருக்கிறார்கள். ஒற்றையாக வாங்கும் பிள்ளை அந்தப் பெட்டியைத் தொடுவதே இல்லை. மே 31 புகையிலை எதிர்ப்பு நாள் கோடை விடுமுறையில் வருகிறது. வீட்டில் இருந்த பிள்ளைகளை வரவழைத்து வெயிலில் மனிதச் சங்கிலியாக நிறுத்தியவர்களில் நானும் ஒருத்தி. அதை நினைத்தால் இன்றும் மனம் கூசுகிறது.

எத்தனை காலம்தான் பிள்ளைகளுக்கே புத்தி சொல்லிக்கொண்டிருப்பது? இந்த முறை விளம்பரம் விற்பவருக்கும், மகனைக் கடைக்கு அனுப்பும் தகப்பனுக்கும் போகட்டும். 77-ஆவது பிரிவைப் பெரிய எழுத்தில் தமிழில் அச்சிட்டு ஒவ்வொரு கடையிலும் மாட்டட்டும். ஒவ்வொரு பள்ளி வாசலிலிருந்தும் 100 கஜம் அளந்து சாலையில் ஒரு மஞ்சள் கோடு போடட்டும். ஜூனில் பள்ளி திறக்கும் முன் இதைச் செய்யும்படி தங்கள் இதழ் வழியாகக் கேட்டுக்கொள்கிறேன். எங்கள் தெருவில் அளக்க வந்தால், டேப்பின் மறுமுனையைப் பிடிக்க நான் வருகிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தமிழாசிரியை,
தண்டையார்பேட்டை, சென்னை.